ஏப்ரலில் தண்ணீர் ஊற்றுவது யார்?

மும்பையில் மரக்கன்று நட ஆள் சேர்ப்பது கஷ்டமே இல்லை. ஜூன் இரண்டாவது வாரம் மழை இறங்கட்டும், எங்கள் ஆண்டாப் ஹில்லில் தெருவுக்குத் தெரு பேனர் ஏறிவிடும். கட்சிக்காரர்கள் வருவார்கள். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு இளைஞர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலை அந்தக் கன்றின் அடுத்த ஏப்ரலைப் பற்றியது. அன்றைக்கு அதற்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார்?

இந்த ஊர் மழையின் கணக்கு அப்படி. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஏறக்குறைய எல்லாமே ஜூன் முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு எட்டு மாதம் வானத்தை நம்ப முடியாது. நம் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற அடைமழை இங்கே கிடையாது. ஜூலையில் நட்ட கன்று செப்டம்பரில் தளதளவென்று நிற்கும், பார்த்துச் சந்தோஷப்படுவோம். பொங்கலுக்குள் கீழிலைகள் பழுத்திருக்கும். ஏப்ரலில் குச்சி மட்டும் மிஞ்சும். மறுபடி ஜூன் வந்ததும் அதே குழியில் இன்னொரு கன்று.

ஆண்டாப் ஹில் மண்ணும் லேசுப்பட்டதல்ல. கிழக்கே வடாலா உப்பளம். பல இடங்களில் இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கிய தரை. கடப்பாரையைப் போட்டால் நாலு விரற்கடை மண்ணுக்குக் கீழே செங்கல் துண்டும் டைல்ஸ் உடைசலும்தான் கிளம்பும். அதில் ஓர் அடிக்குக் குழி தோண்டிக் கன்றை இறக்கினால் வேர் எங்கே போகும்? மே மாதமே மூன்றடி ஆழத்துக்கு வெட்டி, உடைசலை அள்ளி வெளியே போட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி வைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். பேனர் கட்டுகிற தேதியில் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்துபோன கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால் சிலவற்றில் கறுப்புப் பை அப்படியே இருக்கும். கிழிக்காமலே நட்டிருப்பார்கள். பைக்குள் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றி, போக வழியில்லாமல் தன்னையே நெரித்துக்கொண்டிருக்கும். ஒரு பிளேடால் பையைக் கீறி, அடியில் சுருண்ட வேரை விரலால் பிரித்துவிட அரை நிமிஷம்கூட ஆகாது. பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

போன கோடையில் எங்கள் பக்கத்துப் பூங்காவில் ஒரு அக்கா, அரிசி கழுவிய தண்ணீரைப் பெயின்ட் டப்பாவில் கொண்டுவந்து வேலியோரத்துப் புங்கங்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தினமும் ஊத்துறீங்களாக்கா?"

"எங்க குழாயில தண்ணி வர்றதே ஒரு நேரந்தான் தம்பி. அதுல மிச்சம் பிடிச்சு எடுத்தாறேன். யாரு நட்டாங்கன்னு தெரியாது. காயுறதைப் பாத்துட்டுச் சும்மா போக மனசு வரல. மே மாசம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருவேன். அதுக்கப்புறந்தான் என்ன ஆகுமோ."

அவர் சொன்னதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. பள்ளிக்கு லீவு விட்டதும் இங்குள்ள பாதித் தமிழ்க் குடும்பங்கள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகின்றன. கன்றுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படுகிற அதே வாரங்களில் ஊற்ற ஆள் இல்லை. ஒரு மனுஷியின் இரக்கத்தை மட்டும் நம்பி ஒரு பூங்காவை வளர்க்க முடியாது. ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு வேண்டும். அதாவது ஒரு குழு வேண்டும். பத்துப் பேர் போதும். நடுவதை எத்தனை பேரும் வந்து நடட்டும். குழுவின் வேலை மே மாதக் குழியில் தொடங்கி, மூன்று கோடை தாண்டி, கன்று தன் காலில் நிற்கிற வரை போக வேண்டும்.

"அதற்குத்தான் மாநகராட்சி இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 1975-ஆம் வருஷத்து மகாராஷ்டிரா மரப் பாதுகாப்புச் சட்டப்படி நகரத்துக்கென ஒரு மர ஆணையம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மரங்களைக் கணக்கெடுப்பது, நாற்றங்கால் வைப்பது, எங்கே என்ன மரம் எத்தனை என்று வரையறுப்பது, நடுவது எல்லாமே அதன் கடமை. 2018-இல் வெளிவந்த கணக்குப்படி மும்பையில் 29 லட்சத்து 75 ஆயிரம் மரங்கள். ஆனால் செய்தியில் மர ஆணையத்தின் பெயர் அடிபடுவதெல்லாம் வெட்ட அனுமதி கொடுக்கும்போதுதான். நிபுணர்களே இல்லாமல் அது இயங்குகிறது என்பதால் 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அது முடிவெடுக்கத் தடை போட்டது. நிபுணர்கள் வந்தார்கள். 2019 ஆகஸ்டில் மெட்ரோ பணிமனைக்காக ஆரே பகுதியில் 2,646 மரங்களை அகற்றும் தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் நடந்த விதம் பிடிக்காமல் நிபுணர்கள் இரண்டு பேர் விலகினார்கள். அக்டோபர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை எதிர்த்த மனுக்களைத் தள்ளிய அன்று இரவே வெட்டு தொடங்கியது. 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரங்கள் போயிருந்தன. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 வயது தாண்டிய மரம் பாரம்பரிய மரம். ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்று நட வேண்டும், ஏழு வருஷம் பராமரிக்கவும் வேண்டும். நல்ல திருத்தம். அந்தப் பராமரிப்பு என்கிற சொல்லைத்தான் நம் பூங்காக்களில் நடுகிற கன்றுகளுக்கும் நாமே பொருத்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். தலைமை அலுவலகத்தில் கூடுகிற ஆணையத்துக்கு ஆண்டாப் ஹில் வேலியோரத்துப் புங்கன் தெரிய வாய்ப்பில்லை.

மக்கள் கூடினால் நடக்குமா? பக்கத்திலேயே பாருங்கள். மாட்டுங்காவில் அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியில் ஒரு காலத்தில் வண்டிகளும் வேண்டாத கூட்டமும்தான். குடியிருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. சொந்தச் செலவில் காவலாளி வைத்தார்கள், மாநகராட்சிக்கு நடையாய் நடந்தார்கள். 2016-இல் அங்கே நானாலால் மேத்தா பூங்கா திறந்தது. நர்மதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து போகிறது அதன் நடைபாதை. பாலத்துக்கு அடியில் மழை விழாது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே ஒரு செடி பச்சையாக நிற்கிறதென்றால் அது முழுக்க மனிதர் கை ஊற்றிய தண்ணீர்.

இன்னும் பெரிய சாட்சி தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் நிற்கிறது. மகாராஷ்டிரா நேச்சர் பார்க். 37 ஏக்கர். நகரத்துக் குப்பையைக் கொட்டி நாறிக்கிடந்த இடம். 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி கையால் கன்று நட்டுத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்குத் திறந்தது 1994-இல். நடுவே பதினோரு வருஷம். அங்கே போகிறவர்கள் மரத்தையும் பட்டாம்பூச்சியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மழைநீரைச் சேர்த்து வைக்கிற குளத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். நாலு மாத மழையைப் பிடித்து எட்டு மாத வெயிலுக்கு வைத்துக்கொள்கிற அறிவு அதில் இருக்கிறது. குப்பைமேட்டிலேயே காடு வளர்ந்ததென்றால் நம் உடைசல் மண்ணைக் காரணம் காட்டி நாம் தப்பிக்க முடியாது.

என்ன மரம் என்பதையும் குழுதான் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். எது இலவசமாகக் கிடைக்கிறதோ அதை நடுவதுதான் இப்போது வழக்கம். குல்மொஹர் சீக்கிரம் வளரும், கண்ணுக்கு அழகு. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது, வேர் ஆழம் போகாது, கிளையும் வலுவில்லை. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பையில் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னை பட்ட பாடு நமக்குத் தெரியும். தூங்குமூஞ்சி மரங்களோ தாதர் பக்கமெல்லாம் மாவுப்பூச்சி பிடித்து நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. உப்புக்காற்றும் உவர் மண்ணும் உள்ள ஆண்டாப் ஹில்லுக்கு என்னைக் கேட்டால் புங்கன், பூவரசு, புன்னை, வேம்பு. கொஞ்சம் நல்ல மண் உள்ள மூலையில் நாவலும் மகிழமும். பூவுக்கு ஆசைப்பட்டால் பூமருது. மராட்டியர்கள் தாம்ஹண் என்பார்கள், மாநில மலரே அதுதான். மின்கம்பிக்குக் கீழே எதையும் உயரமாக நடாதீர்கள், மழைக்கு முன் ஆள் வந்து தலையை வெட்டிவிட்டுப் போவார்கள்.

குழுவின் கண் ட்ரீ கார்டிலும் இருக்க வேண்டும். ஆடு மாடு கடிக்காமல் இருக்கக் கூண்டு வைக்கிறோம், எடுக்க மறந்துவிடுகிறோம். மரம் பருத்துக் கம்பியைத் தன் சதைக்குள் விழுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் குச்சி நட்டு, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டினாலே பெரும்பாலும் போதும். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் போடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே சொல்லிவிட்டது. உங்கள் தெருவில் பேவர் பிளாக் பதிக்கிற அன்று அங்கே போய் நின்று இதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

கோயில் கொடைக்கு வரி பிரிக்கத் தெரிந்த, ஊர்ச் சங்கத்துக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த சனம் நாம். மராட்டி, உருது, பஞ்சாபி பேசுகிற பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு ஒரு மரக்குழு அமைப்பது நமக்குப் பெரிய காரியமா? குடியிருப்போர் சேர்ந்து தங்கள் பகுதியைக் கவனிக்கிற ஏ.எல்.எம். முறை இந்த நகரத்தில் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறது. நம் வார்டு எஃப் நார்த். அலுவலகம் மாட்டுங்கா பாவு தாஜி சாலையில். அங்கே தோட்டத்துறையில் போய், எங்கள் பூங்காவில் மூன்று வருஷம் தண்ணீர் ஊற்ற நாங்கள் பொறுப்பு, கன்றும் மண்ணும் குழாய் இணைப்பும் நீங்கள் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி, கன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் கிழமை யார் முறை என்று எழுதுங்கள். வருகிற மே மாதம் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறவர்கள் முதலில் பேர் கொடுங்கள்.