உங்க ஊர்ல சந்தை என்னிக்குங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

திருப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர் ஒருவர் போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார். காதர்பேட்டைக்குப் பக்கத்தில் அவருடைய மாடி வீடு காலியாக இருக்கிறது. நைஜீரியா வியாபாரி ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்திருக்கிறார். கொடுக்கலாமா? அரை மணி நேரத்தில் முப்பது பதில்கள். முக்கால்வாசி "வேண்டவே வேண்டாமுங்க" ரகம். இரண்டு மூன்று பேர் நிறத்தை வைத்து எழுதியதை இங்கே திருப்பி எழுதக் கூசுகிறது. அதில் ஒருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். நான் அங்கே "தாராளமாகக் கொடுங்க" என்று மட்டும் எழுதினேன். ஏன் என்று பலரும் கேட்டீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளைக்குக் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் கடை. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு நாள் நைஜீரியாக்காரர் ஒருவர் டி-ஷர்ட் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தார். "இவருகிட்ட ஏமாத்த முடியாதுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. பில் போடும் நேரத்தில் நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன், உங்கள் ஊரில் சந்தை எந்தக் கிழமை என்று. நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் கேட்கிற கேள்விதானே. அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு முறை இந்தியா வந்திருக்கிறாராம். பாஸ்போர்ட்டைக் கேட்காத ஆள் இல்லை, சந்தையைக் கேட்ட ஆள் நான்தானாம்.

அவர் இக்போ இனத்தவர். அவர்கள் வழக்கத்தில் வாரத்துக்கு 4 நாள்தான். எகே, ஓரியே, ஆஃபோ, என்க்வோ. நான்கும் சந்தை நாள்களின் பெயர்கள். ஒரு ஊரில் எகே சந்தை என்றால் அடுத்த ஊரில் ஓரியே சந்தை. எந்தச் சந்தை எந்த நாளில் கூடுகிறதோ அதுவே அந்த இடத்துக்குப் பெயராகவும் ஆகிவிடும். சொன்னதும் எனக்குச் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை, கோவை சுக்கிரவார்பேட்டை, நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. நாற்பது வருடம் "ஆப்பிரிக்காவில் காடுகளும் பாலைவனங்களும் உள்ளன" என்று பாடம் நடத்திய பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அவர் ஊர் நெவி. நைஜர் ஆற்றங்கரையில் இருக்கும் ஒனிச்சாவுக்குப் பக்கம். நெவியின் என்க்வோ சந்தை இன்றைக்கு மோட்டார் உதிரி பாகங்களுக்குப் பேர்போனது. ஊரில் கார் தொழிற்சாலையே இருக்கிறது. கோயம்புத்தூரையும் ஈரோட்டையும் சேர்த்துப் பிசைந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒனிச்சாவோ மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளில் ஒன்று. 1950, 60களில் அங்கே துணியோடும் தானியத்தோடும் கதைப் புத்தகங்களும் சல்லிசாக விற்றிருக்கின்றன. உள்ளூர் அச்சகத்தில் அடித்த குட்டிப் புத்தகங்கள். 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்தச் சந்தை அழிந்தது. போர் முடிந்ததும், வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுன் மட்டும்தான் கொடுத்தார்கள். அந்த இருபதை வைத்துக்கொண்டுதான் மறுபடியும் கடை விரித்தார்கள்.

அது எப்படி முடிந்தது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பையனை ஒரு முதலாளியிடம் விடுவார்கள். ஐந்து, ஆறு, ஏழு வருடம் சம்பளம் கிடையாது. சோறும் இடமும் தொழிலும் முதலாளி பொறுப்பு. காலம் முடிந்ததும் பையனுக்கு முதல் போட்டுத் தனிக்கடை வைத்துக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. நம்மிடம் வந்தவரும் அப்படி ஆறு வருடம் இருந்தவர்தான். எல்லா முதலாளியும் சொன்னபடி நடப்பதில்லை, ஏமாற்றுகிறவர்களும் உண்டு என்று அவரே சொன்னார். திருப்பூரில் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, கட்டிங் கற்று, முதலாளி கைகொடுக்க நாலு மிஷின் போட்டு எழுந்தவர்கள் எத்தனை பேர் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்! குழுவில் "அவங்களெல்லாம் யாரோ எவரோ" என்று எழுதிய என் மாணவனின் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

நம்முடையது தறி ஊர். பெட்ஷீட் நெய்கிற நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சென்னையைச் சுற்றியும் ஆந்திரத்துச் சீராலாவிலும் கைத்தறியில் நெய்த கட்டம்போட்ட துணி, ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதை இன்ஜிரி என்கிறார்கள். துக்க வீட்டில் பெரியவர்களைக் கிடத்தும் கட்டிலை அந்தத் துணியால் அலங்கரிப்பார்களாம். நம் நெசவாளி நெய்த துணி அவர்கள் வீட்டு நல்லது கெட்டதில் இருக்கிறது. அவர்களுக்கு நாம் மாடி வீடு கொடுக்க யோசிக்கிறோம்.

விசா முடிந்தும் தங்குகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். போலீஸ் பிடிக்கிறது, பேப்பரில் வருகிறது. அவர்களே இடைத்தரகர்களாகி உள்ளூர் வியாபாரியின் கமிஷனைப் பறிக்கிறார்கள் என்ற குறையும் காதர்பேட்டையில் உண்டு. அதில் நியாயம் இருக்கலாம்; சங்கம் உட்கார்ந்து பேசட்டும். ஆனால் ஒருவர் விசாவை மீறினால் அதே நிறத்தில் இருக்கும் எல்லோருக்கும் கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்? அவர்கள் வாங்கும் கட்டுகளின் பணத்தை மட்டும் யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது எளிது. பாஸ்போர்ட், விசா நகல் வாங்கி, தேதியைப் பாருங்கள். குடிவந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டார் யார் வந்தாலும் இதுதான் சட்டம், வெள்ளைக்காரர் உட்பட. வாடகையையும் அட்வான்ஸையும் மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்லுங்கள். இரண்டு பங்காக ஏற்றிக் கேட்காதீர்கள்.

நம் பள்ளியில் படித்த இரண்டு மூன்று பேர் லாகோசிலும் அக்ராவிலும் வேலை பார்ப்பதாகக் கேள்வி. இதைப் படித்தால் கீழே எழுதுங்கள் கண்ணுகளா. நீங்கள் இருக்கும் ஊரில் சந்தை என்றைக்குக் கூடுகிறது, என்ன விற்கிறார்கள், அங்கே உங்களுக்கு வீடு கொடுத்தவர் எப்படி நடத்துகிறார்? போட்டோவும் போடுங்கள், ஆனால் சந்தை கலைகிற நேரத்தில் எடுத்ததாக இருக்கட்டும். அப்போதுதான் கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.