முடிந்த வழக்குகளைத் திரும்பப் படிப்போம்

அரசுத் தரப்பு அலுவலகங்களில் ஆண்டறிக்கை எழுதும் பருவம் வந்துவிட்டால் எல்லோரும் எண்களைத் தேடத் தொடங்கிவிடுவோம். தாக்கலான வழக்குகள், தண்டனையில் முடிந்தவை, வசூலான அபராதம், நிலுவை. இவை வேண்டியவைதான். நிதி ஒதுக்கும் மன்றத்துக்கும் வரி கட்டும் மக்களுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆனால் அந்த ஆண்டில் அலுவலகம் எத்தனை பேரை ஆபத்திலிருந்து காத்தது என்று கேட்டால் அந்த அட்டவணை பேசாது. தண்டனை கிடைத்த ஒவ்வோர் அடிதடி வழக்கும் அடி விழுந்த பிறகு நம்மிடம் வந்த வழக்கு. அடி விழாமல் தடுத்திருக்க முடியுமா என்பதற்கான தடயம், முடிந்துபோய் அலமாரிக்குள் ஏறிவிட்ட கட்டுகளில்தான் கிடக்கிறது. அவற்றை மறுபடி இறக்கிப் படிப்பது அரசு வழக்கறிஞரின் ஆண்டு வேலையில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று இவ்விதழ் கருதுகிறது.

இப்படிச் சொல்ல எங்களுக்குத் துணிவு தருவது கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ நகர வழக்கறிஞர் அலுவலகம். அந்த நகரத்தில் ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். நகர வழக்கறிஞரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெருங்குற்றங்களைக் கவுண்டியின் மாவட்ட அட்டர்னி நடத்துவார். நகர எல்லைக்குள் நடக்கும் சிறு குற்றங்கள் நகர வழக்கறிஞரின் பொறுப்பு. மேயருக்கும் நகரமன்றத்துக்கும் சட்ட ஆலோசனை சொல்வதும், நகரத்தின் மீது வரும் வழக்குகளில் ஆஜராவதும் அதே அலுவலகம். மேலும் ஓர் அதிகாரம் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் வழக்கறிஞர்கள், நியாயமற்ற வணிகத்துக்கு எதிரான மாநிலச் சட்டத்தின் கீழ் கலிபோர்னியா மக்களின் பெயரிலேயே சிவில் வழக்குத் தொடரலாம். குற்றவியல், ஆலோசனை, சிவில் என்று மூன்று கதவுகளும் ஒரே கூடத்தில் திறக்கின்றன. எந்தக் கதவைத் தட்டுவது என்ற தேர்வில்தான் அந்த அலுவலகத்தின் திறமை தெரிகிறது.

1995இல் அந்நகரில் இரண்டு பதின்வயதுப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மரணங்கள் அலுவலகத்தை உலுக்கின. குடும்ப வன்முறைப் பிரிவின் வழக்கறிஞர்கள் தங்கள் கட்டுகளையே திரும்பத் திறந்தார்கள். பெண்ணின் கழுத்து நெரிக்கப்பட்டதாகப் புகார் இருந்த 300 வழக்குகளை எடுத்து, காவலர் அறிக்கை, புகைப்படம், மருத்துவக் குறிப்பு, புகாரின் வாசகம் என்று ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஏறக்குறைய எல்லாமே சிறு குற்றமாகப் பதிவாகிக் கையாளப்பட்டவை. அன்று உதவி நகர வழக்கறிஞராக இருந்த கேல் ஸ்ட்ராக், அவசர சிகிச்சை மருத்துவர் ஜார்ஜ் மெக்ளேன், தடயவியல் மருத்துவர் டீன் ஹாலி ஆகியோர் எழுதிய அந்த ஆய்வு 2001இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது.

அதில் தெரிந்த உண்மை எளியது, கொடியது. பாதி வழக்குகளில் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. இன்னொரு 35 சதவீதத்தில் இருந்த தடம், புகைப்படத்தில் பிடிபடாத அளவுக்கு மங்கல். வழக்கு மன்றத்தில் காட்டத்தக்க படம் கிடைத்தது 15 சதவீதத்தில் மட்டும். காயம் இல்லை என்று காவலர் எழுதினார். காயம் இல்லாததால் வழக்கறிஞர் வழக்கைச் சிறியதாக எடைபோட்டார். நீதிபதியும் அப்படியே பார்த்தார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கடமை தவறவும் இல்லை. எல்லோருமே தோலைப் பார்த்தார்கள். கழுத்தை நெரிக்கும்போது அடைபடுவது உள்ளே ஓடும் ரத்தக்குழாய். சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் ஆள் இறந்துபோகலாம். தப்பித்தவர் மணிக்கணக்கோ நாள்கணக்கோ கழித்தும் இறக்கலாம்.

அதன் பிறகு சான் டியாகோவில் விசாரணையின் கேள்விகளே மாறின. குரல் கம்மியதா? எச்சில் விழுங்க முடிகிறதா? கண் இருண்டதா? நினைவில்லாமல் சிறுநீர் பிரிந்ததா? கண் வெண்படலத்திலும் இமையின் உட்புறத்திலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் உண்டா? அவன் ஒரு கையால் பிடித்தானா, இரு கையாலா, முழங்கையை மடக்கிப் பிடித்தானா? அப்போது அவன் என்ன சொன்னான்? உடையில் ஈரம் இருந்தது என்று ஒரு பெண் வெட்கத்தோடு முணுமுணுத்தால், கேட்கிற காவலர் அதை எழுதாமல் விட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த ஒரு வரி, அவள் நினைவு தப்பியிருந்தாள் என்பதற்கான சான்றாக வழக்கைத் தாங்குகிறது. 2008இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, துணைவனால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவன் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று காட்டியது. கலிபோர்னியா 2012இல் தன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் கழுத்து நெரிப்பை வெளிப்படையாகச் சேர்த்து, அதைப் பெருங்குற்றமாக நடத்த வழி செய்தது. சிறு குற்றம் நடத்தும் ஓர் அலுவலகம் தன் பழைய கட்டுகளைப் படித்ததில் தொடங்கிய வேலை அது.

தமிழ்நாட்டில் வழக்கு நடத்துகிறவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் (ஏ.ஆர். காப்பி) வெளிக்காயம் இல்லை என்று ஒரு வரி இருந்துவிட்டால், கழுத்தை நெரித்த வழக்கு சாதாரணக் காயப் பிரிவில் ஒதுங்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கழுத்து நெரிப்புக்கெனத் தனிப் பிரிவு இல்லை. எளிய காயத்துக்கும் கொலை முயற்சிக்கும் நடுவே அது தடுமாறுகிறது. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கேள்விகளைக் கேட்க எந்தத் திருத்தமும் தேவையில்லை. புகார் எழுதும் எழுத்தரும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுத் தயாரிக்கும் இளம் வழக்கறிஞரும் நாளைக் காலையே கேட்கத் தொடங்கலாம்.

சான் டியாகோவிடம் கற்க வேண்டிய இன்னொன்று, சாட்சி பற்றிய தெளிவு. அடிபட்ட பெண் பிறழ் சாட்சியாகிவிடுவாள் என்ற முன்முடிவோடு வழக்கைக் கைவிடுவதை விட்டு, அவள் வராவிட்டாலும் நிற்கக்கூடிய சான்றுகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள்: 911 என்ற அவசர எண்ணுக்கு வந்த அழைப்பின் ஒலிப்பதிவு, உடைந்த பொருள்களின் படம், பக்கத்து வீட்டாரின் சொல். 2004இல் கிராஃபோர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குறுக்கு விசாரணைக்கு உட்படாத வாக்குமூலங்களுக்குக் கடுமையான வரம்பு விதித்தபோது இந்த முறைக்குப் பெரிய சோதனை வந்தது. ஆபத்தின் நடுவே உதவி கேட்டுப் பேசியது வேறு வகை என்று 2006இல் டேவிஸ் வழக்கில் அதே மன்றம் பிரித்துக் காட்டியதில் ஓரளவு வழி பிறந்தது. இத்தீர்ப்புகளுக்கு முன்பே, 2002இல், அப்போதைய நகர வழக்கறிஞர் கேசி க்வின் குடும்ப நீதி மையத்தைத் தொடங்கினார். காவலர், வழக்கறிஞர், மருத்துவர், ஆலோசகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். அடிபட்டவள் தன் கதையை அலுவலகம் அலுவலகமாகச் சொல்லித் திரியும் கொடுமையை அது குறைத்தது. பல நாடுகளில் அந்த மாதிரி பின்பற்றப்படுகிறது.

அடுத்தது துப்பாக்கி. 2014 மே மாதம் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஓர் இளைஞன் 6 பேரைக் கொன்றான். 14 பேர் காயமுற்றார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பே, அவன் நலமாக இருக்கிறானா என்று பார்க்கக் காவலர்கள் அவன் வீட்டு வாசலுக்குப் போயிருந்தார்கள். அவன் பணிவாகப் பேசினான், அவர்கள் திரும்பிவிட்டார்கள். குற்றம் எதுவும் நடக்காத நிலையில் துப்பாக்கியைக் கேட்டு வாங்க அவர்கள் கையில் வழி இல்லை. அந்த ஆண்டே மாநிலம் சட்டம் இயற்றியது. 2016 முதல் துப்பாக்கி வன்முறைத் தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்ததும் எல்லா ஊர்களும் அதைக் கையில் எடுத்துவிடவில்லை. சான் டியாகோவில் அதற்கு உயிர் கொடுத்தவர் 2016 டிசம்பரில் நகர வழக்கறிஞரான மாரா எலியட். காவலர் மனுதாரர், நகர வழக்கறிஞர் அலுவலகம் அவருக்காக மனுத் தயாரித்து ஆஜராகும் என்று அவர் ஏற்பாடு செய்தார். இந்தச் சிறிய ஏற்பாட்டைத்தான் தொழில் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டும். இரவுப் பணி முடித்த காவலர் ஒருவர், தானே சிவில் மனு எழுதி, தானே நீதிபதி முன் நின்று, எதிர்த் தரப்பின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சட்டம் புத்தகத்திலேயே தங்கிவிடும். மனு எழுத ஆள் இருப்பதால்தான் மனு வருகிறது. நூற்றுக்கணக்கான உத்தரவுகளைப் பெற்ற அந்த அலுவலகம், மாநில நிதியுதவியோடு மற்ற ஊர்களுக்கும் பயிற்சி அளித்தது.

நடைமுறை இதுதான். அவசரம் என்றால் காவலர் நீதிபதியிடம் தொலைபேசியிலேயே உத்தரவு கேட்கலாம். அது 21 நாள் செல்லும். அதற்குள் இரு தரப்பையும் கேட்டு விசாரணை நடக்க வேண்டும். ஆபத்து இருப்பதும், இதைவிடக் கடுமை குறைந்த வழி போதாது என்பதும் தெளிவான, நம்பத்தகுந்த சான்றால் மெய்ப்பிக்கப்பட்டால் 1 முதல் 5 ஆண்டு வரை உத்தரவு நீடிக்கும். எதிர்மனுதாரர் துப்பாக்கிகளை ஒப்படைத்து, அதற்கான ரசீதை 48 மணி நேரத்துக்குள் மன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ரசீது வராவிட்டால் உத்தரவு வெறும் காகிதம். பள்ளியில் சுடுவேன் என்று எழுதியவன், முதுமை மறதி நோயால் சொந்த மனைவியையே அந்நியர் என்று நினைத்து மிரட்டும் முதியவர், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர் என்று இந்த மனுக்களில் வருகிறவர்கள் பலவகை. இவர்களில் பலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் யாருக்கும் பயனில்லை. சிவில் கதவைத் தட்டியதால் குற்றப் பதிவே இல்லாமல் ஆபத்து மட்டும் அகற்றப்படுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2019இல், கூட்டத்தினர் மீது சுடப்போவதாக மிரட்டல் இருந்த 21 வழக்குகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் எதிலும் மிரட்டியபடி நடந்ததாகத் தெரியவரவில்லை. உத்தரவு இல்லாவிட்டால் நடந்திருக்குமா என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது என்றும் அவர்களே எழுதினார்கள். தடுப்புப் பணியின் சுமையே இதுதான். நடக்காததற்குக் கணக்கு எழுத முடியாது. அதனாலேயே ஆண்டறிக்கையில் அதற்கு இடம் சுருங்கிப்போகிறது. அடுத்த ஆண்டு நிதியும் சுருங்குகிறது.

ஆனால் இதே உத்தரவில் எங்களை உறுத்துவதும் உண்டு. இது சிவில் நடவடிக்கை என்பதால் எதிர்மனுதாரருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைக்கும் உரிமை இல்லை. ஒரு பக்கம் பயிற்சி பெற்ற அரசு வழக்கறிஞர், காவலர், ஆவணக் கட்டு. மறுபக்கம் பெரும்பாலும் தனியாள், சில சமயம் மனநலம் குன்றியவர். அரசியல் சட்டம் துப்பாக்கியை உரிமையாகப் பேசும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. அந்த உரிமையை மதிக்காதவருக்கும், உரிமை எதுவானாலும் ஒருவர் துணையின்றி மன்றத்தில் அதை இழப்பது உறுத்த வேண்டும். எனவே அரசுத் தரப்பில் நிற்பவரின் கடமை இரட்டிப்பாகிறது. தன் மனுவின் பலவீனத்தையும் தானே நீதிபதி முன் வைக்க வேண்டும். ஆபத்து நீங்கிவிட்டால், எதிர்மனுதாரர் உத்தரவை விலக்கக் கேட்கும்போது எதிர்க்காமல் இருக்கவும் வேண்டும். எந்த மனுக்கள் மறுக்கப்பட்டன, எந்த உத்தரவுகள் இடையில் விலக்கப்பட்டன என்று படிக்கும் அலுவலகத்துக்குத்தான் தன் அவசரம் எங்கே தவறியது என்று தெரியும். இந்தக் கட்டுகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அதே சிவில் கதவில் இன்னொரு வகை வழக்கும் உண்டு, அதன் வேகம் வேறு. ஈயம் கலந்த வண்ணப்பூச்சு அமெரிக்க வீடுகளில் 1978இல் தடைசெய்யப்பட்டது. பழைய சுவர்களில் அது உதிர்ந்துகொண்டே இருக்கிறது. தூசியாகக் குழந்தைகளின் வாய்க்குப் போகிறது. 2000இல் சான்டா க்ளாரா கவுண்டி தொடங்கிய வழக்கில் சான் டியாகோ நகரமும் சேர்ந்தது. மொத்தம் 10 கவுண்டிகளும் நகரங்களும். பொதுத் தொல்லை என்ற பழைய கோட்பாட்டை வைத்தே ஷெர்வின் வில்லியம்ஸ், கொனாக்ரா, என்.எல். இண்டஸ்ட்ரீஸ் ஆகிய நிறுவனங்களை எதிர்த்தார்கள். விசாரணை மன்றம் 115 கோடி டாலர் விதித்தது. 2017இல் மேல்முறையீட்டு மன்றம் பொறுப்பை 1951க்கு முன் கட்டிய வீடுகளுக்குச் சுருக்கியது. 2019இல் 30.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வழக்குத் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 19 வயது. நம் நாட்டில் ரத்லம் நகராட்சி வழக்கில் 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் சாக்கடைக்காகக் கையில் எடுத்ததும் இதே பொதுத் தொல்லைச் சட்டம்தான். அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இன்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152. இவ்வளவு நீளும் வழக்கில் கட்டைத் தொடங்கியவர் முடிக்கும்போது பதவியில் இருக்கமாட்டார். ஏன் இந்த வாதத்தை எடுத்தோம், எந்த நிபுணரை ஏன் விட்டோம் என்ற குறிப்புகள் கட்டில் இல்லையென்றால், அடுத்து வருபவர் எதிர்த் தரப்பின் மனுவிலிருந்துதான் தன் வழக்கைக் கற்றுக்கொள்ள நேரும்.

இந்த ஆண்டறிக்கைப் பருவத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒரு வகை வழக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, முடிந்த கட்டுகளில் முப்பதையாவது இரண்டு பேர் சேர்ந்து படிக்க வேண்டுகிறோம். ஒருவர் அந்த வழக்குகளை நடத்தாதவராக இருக்கட்டும். முடிந்தால் ஒரு மருத்துவரையோ பொறியாளரையோ பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். முதல் புகார் எப்போது வந்தது, யார் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள், உத்தரவு வந்த பிறகு யார் போய்ப் பார்த்தார்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். தரப்பினரின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்காகத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். தோற்ற வழக்குகளின் குறிப்புகளை முதலில் வெளியிடுவோம்.