பாவம், சோப்பை விட்டுடுங்க!

உடம்பில் அரிப்பு என்றால் நம்ம வீடுகளில் முதலில் மாட்டிக்கொள்வது சோப்புதான். அடுத்தது கத்தரிக்காய், கருவாடு. பீரோவில் மடித்து வைத்திருக்கிற கருநீல சுடிதாரை யாரும் சந்தேகப்படறதே இல்லை!

எங்கே அரிக்கிறதுன்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்களேன். அக்குளின் நடுக்குழியில் ஒன்றுமில்லாமல், சுற்றி விளிம்பில் மட்டும் தடித்திருக்கிறதா? கழுத்தோரம், முழங்கை மடிப்பு, உள்தொடை என்று துணி உரசி வேர்வை ஊறும் இடங்களா? அப்படின்னா சாயத்தின் மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு.

பருத்திக்குப் போடும் 'ரியாக்டிவ்' சாயம் நூலோடு ரசாயனமாகப் பிணைந்துவிடும். பாலியஸ்டருக்குப் போடும் 'டிஸ்பெர்ஸ்' சாயம் அப்படியில்லை. நூலுக்குள் சும்மா போய் உட்கார்ந்திருக்கும். சரியாக ஏற்றாத துணி என்றால் வேர்வையும் உரசலும் சேர்ந்து அதைத் தோலில் இறக்கிவிடும். டிஸ்பெர்ஸ் புளூ 106, 124 இரண்டும் இதில் பேர்போன போக்கிரிகள். கருநீலம், கறுப்புத் துணிகளில் ஒளிந்திருக்கும்.

"ஆறு மாசமா இதைத்தானே போடறேன், அப்பல்லாம் வரலையே?" என்பீர்கள். அலர்ஜி அப்படித்தான். பல தடவை பட்டுப் பட்டுத்தான் உடம்பு அதை எதிரியாகப் பார்க்க ஆரம்பிக்கும். அப்புறமும், போட்ட உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அதனாலதான் துணி தப்பிச்சுக்குது, நேத்து சாப்பிட்ட மீன் குழம்பு மாட்டிக்குது.

தோல் டாக்டரிடம் 'பேட்ச் டெஸ்ட்' இருக்கிறது. முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். சந்தேகப்படும் துணியிலிருந்து ஒரு துண்டும் கொண்டு போங்க.

1997-ல் மத்திய அரசு சில அஸோ சாயங்களைத் தடை செய்தது உண்மை. அது புற்றுநோயை மனதில் வைத்து வந்தது; அரிப்புக் கணக்கு வேறு. 'பாலியஸ்டர் 65 சதம்' என்று லேபிள் ஒட்டத் தெரிந்த கம்பெனிகளுக்கு, என்ன சாயம் என்று ஒரு வரி போட என்ன கஷ்டமோ!

பெரியவங்க வேற டிரஸ்ஸுக்கு மாறிடலாம். ஸ்கூல் பிள்ளை என்ன செய்யும்? தினமும் எட்டு மணி நேரம் அதே பாலியஸ்டர் கலப்பு யூனிஃபார்ம். டாக்டர் சீட்டோடு வரும் பிள்ளைக்கு அதே கலரில் பருத்தியில் தைக்க அனுமதித்தால் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைந்துவிடும்? 'ஷேடு மாறுமாம்!' பிள்ளையின் தொடை புண்ணாவதைவிட ஷேடு பெரிசா? யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும் முன்பே சீட்டோடு போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்துடுங்க. லைனிங்கை வெள்ளைப் பருத்தியில் வைக்கும்படி டெய்லரிடமும் சொல்லி வைங்க.