ஆறங்குலக் குழாய்

2020 பொங்கலுக்கு எங்கள் அடுக்ககத்தில் ஷாமியானா போட்டு, கரும்பு கட்டி, 'நம் முன்னோரின் சுகாதாரம்' என்ற தலைப்பில் என்னை அரை மணி நேரம் பேசவைத்தார்கள். அண்ணா நூற்றாண்டு நூலகம் எங்களுக்கு நடக்கிற தூரம்தான். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தேன். மொகஞ்சதாரோவில் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் தெருச் சாக்கடையில் சேர்ந்ததையும், அந்தச் சாக்கடையைச் செங்கல் பாவி மூடியிருந்ததையும் சொன்னேன். கீழடி அகழாய்வு அறிக்கை வெளிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரே அந்தப் பேரை உச்சரித்துக்கொண்டிருந்த நேரம். உறைகிணறு, சுடுமண் குழாய் என்று படம் படமாகக் காட்டினேன். சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வரும் 'சுருங்கை' என்ற சொல்லுக்கு நிலத்தடி நீர்வழி என்று பொருள் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த மாமா ஒருவர் "பார்த்தியா, அப்பவே!" என்று பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையில் தட்டினார்.

கைதட்டலுக்குக் குறைவில்லை. நான் மைக் பிடித்து நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளி, சிமெண்ட் தரைக்கு அடியில், எங்கள் கழிப்பறைத் தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோகிற பிவிசி குழாய் ஒன்று ஓடுகிறது. ஆறு அங்குலம். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

அது வந்த கதை சின்னது. ஒவ்வொரு ஐப்பசியிலும் பாதாளச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு, கீழ்த்தளத்து வீடுகளின் கழிப்பறையில் குமிழிவிட்டு மேலே வரும். புகார் கொடுப்போம், லாரி வந்து உறிஞ்சும், அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. "பக்கத்துலயே மழைத்தண்ணி கால்வா போவுது சார், அதுல குடுத்துட்டா ஜோலி முடிஞ்சுது" என்றார் பிளம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜோலி முடிந்தது. பாதாளச் சாக்கடையில் போனால் சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று குறுக்கே இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்கு அப்படி எதுவும் இல்லை; அது நேரே அடையாற்றில்தான் போய் விழும். சங்கத்துக் கணக்கில் 'வடிகால் பராமரிப்பு' என்று எழுதி, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தோம். வாடகைக்கு இருந்தவர்களிடமும் வாங்கினோம்.

பொங்கல் பேச்சில் பெரிதும் எடுபட்டது அர்த்தசாஸ்திரம்தான். 1905இல் மைசூரில் சாம சாஸ்திரி கையில் கிடைத்த ஓலைச்சுவடி, 1909இல் அச்சானது. அதில் நகரத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு ஒரு அபராதப் பட்டியலே இருக்கிறது. தெருவில் குப்பை கொட்டினால் அரைக்கால் பணம். சேறும் தண்ணீரும் தேங்கவிட்டால் கால் பணம், ராஜவீதியானால் இரட்டிப்பு. கோயிலிலோ நீர்நிலையிலோ மலம் கழித்தால் ஒரு பணத்தில் தொடங்கி இடத்துக்கு ஏற்றபடி ஏறும். மருந்து சாப்பிட்டதாலோ நோயாலோ ஆனதென்றால் தண்டனை கிடையாது. (கடைசி வரியைப் படித்தபோது அதை எழுதிய கௌடில்யர்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது.) எங்கள் அடுக்ககத்தில் இருபத்துநான்கு வீடு. தினமும் நீர்நிலையில் கழிக்கிறோம், நோய் ஒன்றும் இல்லை. கௌடில்யர் கணக்கில் நாங்கள் எத்தனை பணம் பாக்கி என்று நூலகத்தில் ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றையும் மேடையில் விட்டுவிட்டேன். அதே நூலில், நகரத்தில் யார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுக்கும் இடத்தில், சண்டாளர்களுக்குச் சுடுகாட்டுக்கு அப்பால் இடம் ஒதுக்கியிருக்கிறது. அதைச் சொன்னால் ஷாமியானாவுக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொங்கலும் அதுவுமாக எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆனால் முன்னோரிடமிருந்து உருப்படியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பக்கம்தான். மூடிய சாக்கடை வரவில்லை. 'வாசலுக்கு அந்தப் பக்கம் தள்ளு, அங்கே அள்ளுவதற்கு ஆள் உண்டு' என்கிற நினைப்பு பத்திரமாக வந்துவிட்டது. என் பாட்டி மடித்துணியைக் கொம்பால் எடுத்துக் கொடியில் போடுவாள், வேறு கை படக் கூடாது. வீட்டுக்குள் அத்தனை சுத்தம். பின்கட்டில் அள்ள வருகிற பெண்ணுக்குத் தனிச் சந்து. அந்தப் பெண்ணின் பேர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது கோட்டூர்புரத்துக்குள் ஆறு வந்தது. எங்கள் கீழ்த்தளம் முங்கியது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து ஜனங்களைப் படகில் கொண்டுபோனதை மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வடிந்த பிறகு கணுக்கால் அளவு கறுப்புச் சேறு. அள்ளுவதற்கு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து நகரம் முழுக்க இறக்கினார்கள். எங்கள் வாசலுக்கும் ஆறு பேர் வந்தார்கள். பேப்பர் கப்பில் டீ கொடுத்தோம். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். கப் தீர்ந்துபோனதும் ஒரு அம்மா உள்ளே போய்த் தேடி, தேங்காய்ச் சிரட்டை நிறத்தில் பழைய பிளாஸ்டிக் குவளை இரண்டைக் கொண்டுவந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

அந்த வாரமே எங்கள் சாக்கடைத் தொட்டி அடைத்துக்கொண்டது. தனியாக ஒரு பையனைக் கூட்டிவந்து இறக்கினோம். இடுப்பளவுக்கு உள்ளே நின்று, மூங்கில் கழியால் குத்தி, தேங்காய் நார், நாப்கின், ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூன் என்று ஒவ்வொன்றாக வெளியே போட்டான். ஸ்பூன் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்நூறு ரூபாயும், 'மேலுக்கு' நூற்றைம்பதும் கொடுத்தோம். மனிதரை இப்படி இறக்கக் கூடாது என்கிற சட்டம் 2013லேயே வந்துவிட்டது. எங்களில் ஒருவர் வக்கீல்.

கரையோரக் குடும்பங்களைப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, "ஆத்தை ஆக்கிரமிச்சா இப்படித்தான்" என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார். கைகூப்பி எமோஜிகள் பதினொன்று. எங்கள் குழாயும் ஆற்றுக்குத்தான் போகிறது என்று நான் தட்டச்சு செய்து, அழித்துவிட்டேன்.

அந்தப் பொங்கல் பேச்சு முடிந்த அதே வாரம் வீட்டில் கணபதி ஹோமம். வாடிய மாலை, சாம்பல், மாவிலை எல்லாவற்றையும் கேரி பேக்கில் கட்டி, கோட்டூர்புரம் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். நிர்மால்யத்தைக் குப்பைத்தொட்டியில் போடுவது பாவம், ஓடுகிற நீரில்தான் விட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கீழே நீர் ஓடவில்லை. கை அதன்பாட்டுக்கு வீசியது. பை அந்தக் கறுப்பு நீரில் விழுந்து, மூழ்காமல், வாய் பிளந்து, செவ்வந்தியைக் கக்கியபடி அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் இன்னொரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் கையிலும் ஒரு பை.

போன வருடம் சங்கக் கூட்டத்தில் குழாய் விஷயத்தை ஒருவழியாக எடுத்தேன். லிஃப்ட் ஒப்பந்தம், சிசிடிவி, பெயிண்ட் எல்லாம் முடிந்து ஆறாவது விஷயமாக வந்தது. முறையான இணைப்புக்குத் திருப்ப வீட்டுக்கு என்ன செலவாகும் என்று பிளம்பர் எழுதிக்கொடுத்த சீட்டைச் சுற்றுக்கு விட்டேன். "மழை முடியட்டும்" என்றார் ஒருவர். "முடிஞ்சா அப்புறம் அவசரம் என்ன?" என்றார் இன்னொருவர், சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குறிப்பேடு என் கையில்தான் இருந்தது. 'வடிகால் பராமரிப்பு: ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.