பத்து நாளில் எந்த வயலும் விளைவதில்லை

மாணவர் புகைப்படப் போட்டி, செயற்திட்டம் என்று நடத்துகிற பெரியவர்களுக்கு ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் டைம்லாப்ஸ் கேட்கிறீர்கள். தலைப்பு "எமது வயல்". முடிவுத் திகதிக்குப் பத்து நாள். நெல்லு பத்து நாளில் விளையுமா சேர்?

சுபஹ் தொழுதுவிட்டு பஸ் ஏறி, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கப் போகிறவன் நான். போகிற வழியெல்லாம் வயல்தான். மூன்றரை மாத நெல் என்றால் விதைப்பிலிருந்து வெட்டு வரை ஏறத்தாழ 105 நாள். நாளுக்கு ஒரு படம், 105 படம். விநாடிக்கு 10 படம் ஓடவிட்டால் பத்தரை விநாடி. ஒரு போகம் முழுக்க அவ்வளவுதான்.

அந்தப் பத்தரை விநாடியைப் பத்து நாளில் கொண்டு வா என்றால் பிள்ளைக்கு இரண்டு வழிதான். டவுனில் ஸ்டூடியோக்காரரிடம் காசு கொடுத்துச் செய்விப்பது. அல்லது ஏ.ஐ. செயலியிடம் "நெல் வளர்வதைக் காட்டு" என்று கேட்பது. கேட்டால் வரும். அழகாகவும் வரும். ஆனால் அந்த நெல்லுக்குள் கோரை இல்லை, வரம்பு உடையவில்லை, எருமை இறங்கின தடம் இல்லை. யாருடைய வயலும் இல்லை அது. பொய் சொல்லாதே என்று காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, பொய் சொன்னால்தான் முடிக்கலாம் என்கிற வேலையைப் பின்னேரம் கொடுக்கிறோம்.

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று, அறிவித்தல் வருவதற்கு முந்தியே, சென்ற மாரிப் போகத்தில் இதை உண்மையாகவே செய்தது. வாடிக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை நட்டு, தகப்பனுடைய பழைய போன் நிற்கிற அளவுக்கு அதில் ஒரு தட்டு அடித்தது. இடது ஓரத்தில் கரண்டுக் கம்பம், வலது ஓரத்தில் மருத மரம். இரண்டும் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழ வேண்டும். காலை ஆறரைக்கு ஒரு படம், கொப்பியில் ஒரு வரி. மழை நாளில் படம் இருளும், மறுநாள் வெளிறும், ஓடவிட்டால் மின்னி மின்னித் தெரியும். அது கமராவின் குறையல்ல, மாரி அப்படித்தான்.

கதிர் பழுக்கிற நேரம் பதினொரு நாள் படம் இல்லை. யானை. இரவில் வட்டைக்குள் இறங்கினவை விடிந்த பிறகும் பற்றைக்குள் நிற்கும். அந்த நேரத்தில் போக வேண்டாம் என்று தகப்பன் சொன்னார், நானும் சொன்னேன். எந்தப் படத்துக்காகவும் ஒரு பிள்ளை அங்கே போகத் தேவையில்லை. பன்னிரண்டாம் நாள் படத்தில் மருத மரத்தடி வயல் படுத்துக் கிடக்கிறது.

நடுவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? "இடையில் துள்ளுகிறது. தொடர்ச்சி போதாது." புள்ளி வெட்டு. (போட்டியின் பெயர் வேண்டாம். ஒன்று மட்டுமா இப்படி?)

அந்தத் துள்ளல்தானே ஐயா படம்! யானை சட்டகத்துக்குள் இல்லை. யானை நின்றதனால் சட்டகமே இல்லை. போரதீவுப்பற்றில் யானைப் பிரச்சினை செய்தியில் வருவதென்றால் பெரும்பாலும் ஒரு ஆள் சாக வேண்டும், அல்லது ஒரு யானை சாக வேண்டும். ஒருவரும் சாகாமல், ஒரு குடும்பத்தின் மூன்று மாத உழைப்பு விடியற்காலையில் படுத்துக் கிடப்பதை யார் பதிகிறார்கள்? ஒரு பிள்ளை பதிந்தது. நாங்கள் அதற்கு வழுவழுப்புப் போதாது என்றோம்.

பரிசு வாவியில் சூரியன் மறைகிற காட்சிக்குப் போனது. எடுத்த பிள்ளையில் குறையில்லை, கேட்டதைக் கொடுத்தது. ஆனால் எழுவான்கரை, படுவான்கரை என்று சூரியனை வைத்தே இரண்டு கரைக்கும் பெயர் வைத்த சனம் நாம். நமக்கு ஒரு அந்திப்பொழுது புதினமா? அதே பிள்ளை எழுவான்கரையில் ஒரே இடத்தில் நின்று, ஜூனிலிருந்து டிசம்பர் வரை கிழமைக்கு ஒரு அந்தியை எடுத்திருந்தால், சூரியன் வடக்கிலிருந்து தெற்குக்கு நகர்ந்து நகர்ந்து இறங்குவது தெரிந்திருக்கும். விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எத்தனை வட்டம் கீறினாலும் அது அப்படி விளங்காது.

உலகத்தில் இந்தக் கலையைச் செய்தவர்களும் அவசரக்காரர்கள் அல்ல. பூ மலர்வதை 1910இலேயே திரையில் காட்டிய பெர்சி ஸ்மித், இங்கிலாந்தின் கல்விச் சபையில் எழுதுவினைஞராக இருந்தவர். படத்தால் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்று அவர் சொன்னதை மேலிடம் கணக்கெடுக்கவில்லை. (மேலிடங்கள் அன்றும் அப்படித்தான்.) ஜேம்ஸ் பாலோக் 2007இல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காவில் பனியாறுகளுக்கு முன்னால் கமராக்களை நட்டு வைத்தார். தொடக்கத்தில் நேரம் பார்த்துப் படம் எடுக்க வேண்டிய கருவிகளே பழுதாகின. திருத்தி மறுபடியும் வைத்தார். 2012இல் வந்த 'சேசிங் ஐஸ்' படத்தில் அந்தத் தோல்வியையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். அவரிடம் போய்த் தொடர்ச்சி போதாது என்று சொல்லிப் பாருங்கள்.

ஆகவே கேட்கிறேன். மாரிப் போகத்துக்கான அறிவித்தலை ஒக்டோபரில் போடுங்கள், மார்ச்சில் வாங்குங்கள். பாதிப் புள்ளியைக் கொப்பிக்குக் கொடுங்கள். படம் இல்லாத நாளுக்கு ஏன் இல்லை என்று எழுதியிருந்தால், அதற்கும் புள்ளி கொடுங்கள். மூலப் படங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள், ஸ்டூடியோ வேலை அங்கேயே பிடிபடும். கமராவின் விலையைப் பார்த்துப் புள்ளி போடுவதை விடுங்கள். படுவான்கரையில் ஒரு வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும்.

கடைசியாக, வாசிக்கிற உங்களிடம். கண்ணாடி வெடித்து, கமரா மட்டும் வேலை செய்கிற போன் யாருடைய அலுமாரியிலாவது கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சிம் தேவையில்லை. சார்ஜர் இருந்தால் நல்லது. விதைப்புக்கு முதல் நாலு கட்டை நட வேண்டும்.