கீரையடையும் பெயருரிமையும்

கிரேக்க நாட்டு இல்லங்களில் மூடடுப்பில் தட்டு நிறையச் சுட்டெடுக்கும் கீரையடை ஒன்றுண்டு. 'சுபனாக்கோப்பித்தா' என்பது அதன் பெயர். நீண்ட பெயரென்று மருள வேண்டா. 'சுபனாக்கி' என்பது பசலைக்கீரை. 'பித்தா' என்பது அடை. அவ்வளவே! தாள்போல் மெலிதாகத் தேய்க்கும் மாவிற்கு அவர்கள் இட்ட பெயர் 'பில்லோ'. இலை என்று பொருள். ஓலையை ஏடென்று வழங்கிய நமக்கு இதில் வியப்பில்லை. கல்விக்கழகங் கூடி ஆக்கிய சொற்களல்ல இவை, அடுக்களையிற் பிறந்தவை.

மாவேடுகளுக்கு ஒவ்வொன்றாக ஒலிவ எண்ணெய் தடவி அடுக்குவர். வதக்கிய கீரை, வெங்காயம், சதகுப்பைத் தழை, முட்டை, உதிர்த்த பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கலந்து பரப்பி, மேலும் சில ஏடுகளால் மூடிச் சுடுவர். கீரையின் நீரை ஒட்டப் பிழியாவிடில் அடியேடு களியாகிவிடும். மேலேட்டைச் சுடுமுன்பே கீறிவிடல் வேண்டும். வெந்தபின் வெட்டினால் நொறுங்கும். கட்டி உப்புநீரில் ஊறியதாகலின், உப்பிடுங் கை அடங்கியிருத்தல் நன்று. நோன்புக் காலத்திற்குக் கட்டியும் முட்டையுமின்றிச் சுடுவதும் உண்டு.

அக்கட்டியின் பெயர் 'பெத்தா'. நூற்றுக்கு 70 பங்கேனும் செம்மறிப்பால், எஞ்சியது வெள்ளாட்டுப்பால், உப்புநீரில் இரு திங்களேனும் முதிர வேண்டும். தென்மார்க்கினரோ மாட்டுப்பாலிற் செய்து அதே பெயரில் விற்றனர். அது பொதுப்பெயராகிவிட்டதென்று செருமனியும் தென்மார்க்கும் வழக்காடின. 2005-இல் ஐரோப்பிய முறைமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. பிறநாட்டார் தம் உறைகளிற் கிரேக்கச் சாயலைக் காட்டியே விற்றதையும் அம்மன்றம் எடுத்துக்காட்டியது. பொதுப்பெயருக்கு அவ்வொப்பனை எதற்கு? பின்னும் வெளிநாடுகளுக்கு அப்பெயரிலேயே விடுக்க இடங்கொடுத்த தென்மார்க்கு, 2022-இல் மீண்டும் தோற்றது.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. 'பெத்தா' இத்தாலிய மொழியில் துண்டைக் குறிக்குஞ் சொல்லினின்று வந்தது. தூய்மை பேசும் நமக்கு இது சற்றே உறுத்தும். ஆயினும், பாலுக்கும் நிலத்துக்கும் எல்லை வகுத்து, பொருளைக் காத்துப் பெயரையும் தமதாக்கினர் கிரேக்கர். நாமோ பொருளைச் செய்தும் பெயரை இரவல் கேட்கிறோம்!

நம் தேநீர்க்கடைக் கண்ணாடிப் பேழைகளில், உருளைக்கிழங்கும் வெங்காயமும் உள்ளீடாக வைத்து, ஏடேடாகப் பொரியச் சுட்ட அடை நாள்தோறும் விற்கிறது. சுடுவோனும் தமிழன், உண்போனும் தமிழன். பெயர் மட்டும் 'பப்சு'! யாழ்ப்பாணத்தில் 'வெதுப்பகம்' என்னும் பெயர்ப்பலகை வேரூன்றிவிட்டது. கடைக்குக் கிடைத்த பெயர் பண்டத்திற்குக் கிடைக்காதா? 'மடிப்படை' எனலாமா, 'ஏட்டடை' எனலாமா என்று புலவர் கூடி முடிவுசெய்ய வேண்டா. சுடுவோரையே கேட்போம்.