பிட்டாவும் பியரும்: தேர்ந்தெடுப்பவர் யார்?

உணவுக்கேற்ற பானம் என்ற பெயரில் எழுதப்படும் சாத்திரங்களை நாம் சில காலமாகவே பொறுமையுடன் வாசித்து வருகிறோம். ஏதென்ஸ் தெருக்களில் பிட்டா ரொட்டிக்குள் வைத்துக் காகிதத்தில் சுற்றித் தரப்படும் சுவ்லாக்கிக்கும் யீரோஸுக்கும் எந்த பியர் பொருந்தும் என்பது இப்போதைய விவாதம். கசப்பு மிகுந்த ஐபிஏ பன்றிக்கொழுப்பின் திகட்டலை முறிக்கும் என்கிறார் ஒருவர். கருகிய ஓரங்களுக்குக் கரிய ஸ்டௌட்டே உற்ற துணை என்கிறார் இன்னொருவர். இவர்கள் இறைச்சியை மட்டும் தனியே பிரித்துத் தின்றவர்கள் போலும்.

அந்தப் பொட்டலத்தில் வெங்காயமும் தக்காளியும் இருக்கின்றன. அனைத்துக்கும் மேலாகச் சட்சிகி இருக்கிறது. கெட்டித் தயிரும் வெள்ளரியும் பச்சைப் பூண்டும் கலந்த அந்தக் குழைவே உண்டியின் சுவையை ஆள்வது. பச்சைப் பூண்டின் காரத்தோடு ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்தால் நாவில் எஞ்சுவது கசப்பு ஒன்றே. நன்கு குளிர்ந்த மெல்லிய லாகர் போதும். அல்லது தயிரின் புளிப்போடு ஒத்துப்போகும் கோதுமை பியர். இதற்கு மேல் ஒரு சாத்திரமும் வேண்டியதில்லை.

நம் சினம் இதன்பொருட்டு அன்று. இவர்களுடைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் உண்பவர் எண்ணற்ற புட்டிகளுக்கு முன்னே சுதந்திரமாக நின்று தேர்ந்தெடுக்கிறார். சுவ்லாக்கிக் கடையில் நடப்பதோ வேறு. அங்கே தேர்வு குளிர்பெட்டி வந்து இறங்கிய அன்றே முடிந்துவிடுகிறது.

பண்டைக் கிரேக்கர் பியரை அயலாரின் பானம் என்று இகழ்ந்தவர்கள். (யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு பேசுகிறதே, அதுவும் பியர் அன்று.) நவீன கிரேக்கத்துக்கு பியர் பவேரியரோடு வந்தது. அங்கிருந்து வந்த ஓட்டோ மன்னனின் காலத்தில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஃபிக்ஸ், 1864இல் ஆலை தொடங்கினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அப்பெயரே கிரேக்க பியராக இருந்தது. பிறகு ஹைனெக்கனின் கிளையான ஏதீனியன் புரூவரி சந்தையைப் பிடித்தது. 1980களில் ஃபிக்ஸ் மூடப்பட்டது. சிங்க்ரூ சாலையிலிருந்த அதன் ஆலைக் கட்டடம் இன்று தேசிய சமகாலக் கலை அருங்காட்சியகம். ஃபிக்ஸ் என்ற பெயர் மட்டும் பின்னர் வேறு கைகளில் மீண்டும் புட்டியேறியது.

சந்தையைப் பிடித்தது சுவையால் மட்டுமா? 1998 முதல் 2014 வரை அந்நிறுவனம் தன் ஆதிக்க நிலையை முறைகேடாகப் பயன்படுத்தியது என்று கிரேக்கப் போட்டி ஆணையம் 2014இல் தீர்ப்பளித்து, 3 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. தன் பியரை மட்டுமே விற்கும்படி வணிகர்களைச் சலுகைகளால் கட்டிப்போட்டதும் அம்முறைகேட்டில் அடங்கும். அதனால் பாதிக்கப்பட்டதாக இழப்பீடு கோருவது திரேஸ் பகுதியின் கொமொத்தினியில் வெர்கினா பியர் காய்ச்சும் சிறு ஆலை. தாய் நிறுவனத்தையும் சேர்த்து ஆம்ஸ்டர்டாமில் அது தொடுத்த வழக்கை அங்கே விசாரிக்கலாமா என்ற கேள்வியே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை சென்றது. 2025 பிப்ரவரியில் வந்த விடை அந்த ஆலைக்குச் சாதகமாகவே இருந்தது.

இவற்றில் ஒரு வரியேனும் நம் சுவைப் பண்டிதர்களின் கட்டுரைகளில் உண்டா? நுரையின் உயரத்தை அளந்தவர்கள், கடைக்காரரின் குளிர்பெட்டிக் கதவில் எவர் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. வெர்கினா கோதுமையிலும் ஒரு பியர் காய்ச்சுகிறது. சட்சிகிக்கு நாம் கேட்பது அதையே.